சட்டத்தமிழின் தெளிவு: சொற்சிக்கலா, தொடர்ச்சிக்கலா?

சுருக்கம்

தமிழில் எழுதப்படும் வழக்கறிஞர் அறிவிப்பு, வழக்குரை, பத்திரம், தீர்ப்பு ஆகியவை படிப்போர்க்கு விளங்காமற் போவதற்குக் கலைச்சொற் பற்றாக்குறையே காரணம் என்பது பரவலான கருத்து. இக்கருத்துரை அதனை மறுக்கிறது. சிக்கல் சொல்லில் இருப்பதினும் தொடரமைப்பிலேயே மிகுதியாக உள்ளது என்றும், அதனைக் கண்டறியும் கருவிகள் தமிழிலக்கணத்தில் முன்பே உள்ளன என்றும், அவற்றைப் பயன்படுத்தும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கு உண்டு என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சட்டத்தமிழ், வினையெச்சம், செயப்பாட்டுவினை, நன்னூல், உரைநடைத் தெளிவு.

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன், அரூர் வட்டத்தில் உழவுத்தொழில் செய்யும் என் தந்தையாருக்கு வரப்புத் தகராறு தொடர்பாக வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று வந்தது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாள்தோறும் செய்தித்தாள் வாசிப்பவர். அறிவிப்பை இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு, "தமிழ்தானே படிக்கிற, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்று என்னிடம் நீட்டினார். நான் அப்போது ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றிருந்தேன். ஒன்றரைப் பக்க அறிவிப்பு; முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று. மூன்று முறை படித்த பின்னரே பொருள் ஒருவாறு புலப்பட்டது.

அவர் அறிய விரும்பியவை மூன்று: நான் செய்ததாக அவர்கள் சொல்வது என்ன? நான் இப்போது செய்ய வேண்டியது என்ன? எத்தனை நாளுக்குள்? முதல் இரண்டிற்கும் விடையைத் துண்டுதுண்டாகச் சேர்த்தெடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவதற்கான விடை தொடரின் வாலில் இருந்தது: 15 நாள். அதில் ஒன்பது நாள் கழிந்திருந்தது.

இந்நிகழ்ச்சியில் என்னை உறுத்தியது, அவ்வறிவிப்பில் எனக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதே. சொல் தெரிந்தும் தொடர் விளங்கவில்லை. சட்டத்தமிழ் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே சுற்றி வருவதால், இவ்வேறுபாடு உரிய கவனம் பெறவில்லை எனக் கருதுகிறேன்.

சட்டமே வேண்டும் சுருக்கம்

சுருக்கமும் தெளிவும் நடையழகு சார்ந்த விருப்பங்கள் மட்டும் அல்ல, சட்டத்தின் கட்டளைகள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 2, வழக்குரையும் எதிருரையும் வழக்கிற்கு இன்றியமையாத நிகழ்வுகளை மட்டும் சுருக்கமாகக் கூற வேண்டும் என்கிறது. சான்றுகளை அங்கே விரிக்கக் கூடாது. கூற்றுகளைப் பத்தி பிரித்து எண்ணிட வேண்டும். நாள், தொகை, எண் ஆகியவற்றை எண்ணாலும் எழுத்தாலும் தர வேண்டும். கட்டளை 20, விதி 4, தீர்ப்பில் வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய எழுவினாக்கள், முடிவு, அம்முடிவிற்கான காரணம் ஆகியவை இடம்பெற வேண்டும் என்கிறது. குற்றவியல் தீர்ப்புகளுக்கும் இத்தகைய விதி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு கூறியதை, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 393ஆம் பிரிவு கூறுகிறது.

விதி இருந்தும் நடைமுறை விலகியே செல்கிறது. ஆங்கிலத்திலும் இதுவே நிலை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று படித்தும் விளங்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அதனைத் திருப்பி அனுப்பியது. 2022 ஆகஸ்டில் பாரத ஸ்டேட் வங்கி – அஜய்குமார் சூட் வழக்கில், விளங்காத தீர்ப்பு எழுதப்படுவதைக் கண்டித்ததோடு, தீர்ப்பு யாருடைய வாழ்வைப் பாதிக்கிறதோ அவருக்கும் புரியும்படி இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, பத்திகளுக்கு எண்ணிடுதல் முதலான நடைமுறைகளையும் எடுத்துரைத்தது. ஆங்கிலத்தில் எழுதினால் தெளிவு தானே வந்துவிடும் என்பதோ, தமிழில் எழுதினால் மக்களுக்குத் தானே விளங்கிவிடும் என்பதோ உண்மையன்று. மொழித் தேர்வும் தெளிவும் வெவ்வேறு.

வாச்சாத்தியும் எழுத்தின் பொறுப்பும்

அரூர்ப் பகுதியில் இதனைப் பேசுவோர் வாச்சாத்தியைக் கடந்து செல்ல இயலாது. சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள இப்பழங்குடி ஊரில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை சார்ந்தோர் நடத்திய கொடுமைக்காக 269 பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இடையில் நீதிபதி ஊருக்கு நேரில் வந்தும் பார்த்தார்.

இவ்வழக்கு எழுத்தைப் பற்றி இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, 269 பேர் குற்றம் சாட்டப்பட்ட வழக்கில் 'யார், யாரை, எப்போது, என்ன செய்தார்' என்பதே உயிர். எழுவாயின்றி, 'தாக்கப்பட்டது', 'சேதப்படுத்தப்பட்டது' என முடியும் தொடர் அங்கே ஒரு குற்றத்தையும் நிறுவாது. இரண்டாவது, உயர் நீதிமன்றத்தின் மொழி அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலம். முப்பத்தோராண்டு காத்திருந்த மக்கள், தம் வாழ்வைப் பற்றிய அத்தீர்ப்பின் மூலத்தைத் தாமே படித்தறிய வழியில்லை. பிறர் சொல்லக் கேட்டே அறிய வேண்டும். தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்க 2006 டிசம்பரில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; இன்றும் அது கைகூடவில்லை.

அக்கோரிக்கையின் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு முன்பே இடம் கிடைத்துள்ளது. கிடைத்த இடத்தில் நாம் எழுதும் தமிழ் எத்தகையது என்ற வினாவும் உடன் எழ வேண்டும். நாளை உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழில் வரும்போது, என் தந்தையாருக்கு வந்த அறிவிப்பின் நடையில் அது வருமாயின், வாச்சாத்தி மக்கள் அப்போதும் பிறர் சொல்லியே கேட்க வேண்டியிருக்கும்.

துறைச்சொல்லும் சடங்குச்சொல்லும்

ஆங்கிலச் சட்டமொழியின் வரலாற்றை டேவிட் மெலின்காஃப் 1963இல் விரிவாக ஆராய்ந்தார். நார்மானியர் ஆட்சிக்குப் பின் பிரெஞ்சும் இலத்தீனும் ஆங்கிலமும் கலந்ததால், ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்களை அடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ரிச்சர்ட் வைடிக் 1978இல் வழக்கறிஞர்க்கான எளிய ஆங்கிலம் பற்றி எழுதிய கட்டுரை, அவ்வடுக்குகளை நீக்கினாலும் சட்டப்பொருள் கெடாது என்பதை எடுத்துக்காட்டியது. அமெரிக்கா 2010இல் அரசு ஆவணங்களுக்கென எளிய எழுத்துச் சட்டத்தையே இயற்றியது.

தமிழின் நிலை இதற்கு ஒப்பானது. வடமொழி வழிப் பாத்தியம், சுவாதீனம், வியாஜ்யம். பாரசீக, அரபு வழி தாவா, வக்காலத்து, வாரிசு, ஜப்தி, அசல், நகல், ரத்து. ஆங்கில வழி அப்பீல், நோட்டீஸ். இவற்றோடு வழக்கு, தீர்ப்பு, ஒத்தி எனத் தமிழ்ச்சொற்கள். ஆட்சிகள் மாறியபோது பழைய சொல் போகவில்லை. புதிய சொல் பக்கத்தில் வந்தமர்ந்தது. 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று கிரையப் பத்திரங்களில் நீளும் வாய்பாடுகள் இதன் விளைவு.

இங்கே இருவகைச் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒத்தி, போக்கியம், கிரையம், விடுதலைப் பத்திரம், சுவாதீனம் போன்றவை வரையறுத்த சட்டப்பொருள் உடையவை. அவற்றைத் துறைச்சொற்கள் எனலாம். 'மேற்படி', 'யாதெனில்', 'பட்சத்தில்', 'இதன்கண்' போன்றவற்றிற்குத் தனிச் சட்டப்பொருள் எதுவும் இல்லை. எழுத்துக்குச் சட்டத்தோற்றம் தருவதே அவற்றின் பணி. அவற்றைச் சடங்குச்சொற்கள் எனலாம். துறைச்சொல்லைக் காத்து, சடங்குச்சொல்லை விடுதலே முறை. நடைமுறையிலோ, தூய்மை கருதித் துறைச்சொற்களை மாற்றுவதில் காட்டிய முனைப்பைச் சடங்குச்சொற்களைக் களைவதில் நாம் காட்டவில்லை.

தூய சொல்லாவது தெளிவுக்கு உறுதி தருமா எனின், அதுவும் இல்லை. 'சுவாதீனம்' என்பதற்கு ஈடாக 'உடைமை' என்று எழுதினால், நிலம் ஒருவர் கைவசம் இருப்பதா, அவருக்கே சொந்தமா என்ற ஐயம் ஊர்ப்புற வாசகர்க்கு எழும்; உரிமையியல் வழக்குகள் பல இவ்வேறுபாட்டின் மேலேயே நிற்கின்றன. குற்றவியல் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் 'எதிரி' எனப்படுகிறார். நல்ல தமிழ்ச்சொல்தான், ஆயின் முதன்முறை நீதிமன்றம் வருபவர் அதனைப் பகைவர் என்றே கொள்வார். 'கட்சிக்காரர்' என்பதும் அத்தகையதே.

தொடரில் மறையும் வினைமுதல்

என் தந்தையாருக்கு வந்த அறிவிப்பின் போக்கில், அத்தகைய அறிவிப்புகளின் பொதுவடிவமாகத் தொடர் ஒன்றை இங்கே அமைத்துக் காட்டுகிறேன்:

"சொத்து விவரத்தில் கண்ட சொத்தானது எமது கட்சிக்காரருக்குப் பூர்வீகமாகப் பாத்தியப்பட்டு, அவரது சுவாதீன அனுபவத்தில் இருந்து வருகின்ற நிலையில், மேற்படி சொத்தின் வடபுற வரப்பானது சேதப்படுத்தப்பட்டு, அதனை மேற்படியார் கேட்ட காலத்தில் மேற்படியாரைத் தகாத வார்த்தைகளால் பேசப்பட்டும், மேற்படி வரப்பினை இவ்வறிவிப்புக் கிடைத்த 15 தினங்களுக்குள் சரிசெய்து தரத் தவறும் பட்சத்தில் தக்க சட்ட நடவடிக்கை எடுக்க நேரிடும் என்பதை அறியவும்."

தொல்காப்பிய வினையியலும் நன்னூலும், செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்கின்றன. 'வந்து போனான்' எனின் வந்தவனும் போனவனும் ஒருவனே. மேற்காட்டிய தொடரில் 'பாத்தியப்பட்டு' என்பதன் எழுவாய் சொத்து. 'சேதப்படுத்தப்பட்டு' என்பதன் எழுவாய் வரப்பு. 'பேசப்பட்டும்' என்பதற்கு எழுவாயே இல்லை. 'எடுக்க நேரிடும்' என்பதற்கும் இல்லை. எச்சங்கள் ஒரு வினைமுதலை நோக்கிச் செல்லாமையால், படிப்பவர் ஒவ்வொரு காற்புள்ளியிலும் 'யார்?' என்று நின்று கேட்க வேண்டியுள்ளது. 'மேற்படியாரை... பேசப்பட்டும்' என்பதில் இரண்டாம் வேற்றுமையும் செயப்பாட்டுவினையும் முரண்படுகின்றன. எழுதியவர் செய்வினையில் தொடங்கி, சொல்வதற்கு அஞ்சிச் செயப்பாட்டில் ஒளிந்துகொண்டார் போலும்.

இதனையே பின்வருமாறு எழுதலாம்:

"1. கீழே விவரித்துள்ள நிலம் எம் கட்சிக்காரருக்குப் பூர்வீகமாகச் சொந்தமானது. அவர் சுவாதீனத்தில் உள்ளது. 2. அதன் வடக்கு வரப்பை நீங்கள் (இன்ன நாளில்) வெட்டினீர்கள். 3. அதைக் கேட்ட எம் கட்சிக்காரரை இழிவாகப் பேசினீர்கள். 4. இவ்வறிவிப்புக் கிடைத்த 15 நாளுக்குள் வரப்பைச் சரிசெய்ய வேண்டும். 5. தவறினால் எம் கட்சிக்காரர் உங்கள்மீது உரிமையியல் வழக்குத் தொடுப்பார்."

தொடர்கள் குறுகியது இங்கே சிறிய பயன். 'வெட்டினீர்கள்' என்று செய்வினையில் எழுதியவுடன் 'எந்நாளில்?' என்ற வினா எழுதுபவர் முன்னே வந்து நிற்கிறது. மூலத்தில் அந்நாள் இல்லை. இல்லை என்பதும் வெளியே தெரியவில்லை. தெளிவற்ற நடை படிப்பவரை மட்டும் மயக்குவதில்லை. தம் வழக்கில் உள்ள ஓட்டையை எழுதுபவரே காணாதபடியும் மறைக்கிறது. அவ்வோட்டை பின்னர்க் குறுக்கு விசாரணையில் வெளிப்படும், இழப்பு கட்சிக்காரருடையது.

உம்மையும் அடைமொழியும் இவ்வாறே சிக்கல் தருவன. 'ஆதரவற்ற விதவைகள் மற்றும் முதியோர்' என்பதில் 'ஆதரவற்ற' என்னும் அடை முதியோரையும் தழுவுமா? தழுவும் எனின், மகன் வீட்டில் வாழும் முதியவர் உதவி பெறார். தழுவாது எனின் பெறுவார். 'முதியோரும் ஆதரவற்ற விதவைகளும்' என்று வரிசையை மாற்றினாலே ஐயம் நீங்கும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பால் நிறுவன ஓட்டுநர்கள் தொடுத்த மிகைநேர ஊதிய வழக்கு, சட்டத்தின் பட்டியல் ஒன்றில் காற்புள்ளி இடாமையால் எழுந்த ஐயத்தின் மேலேயே 2017இல் மேல்முறையீட்டில் ஓட்டுநர்களுக்குச் சார்பாக முடிந்தது. பொருள்கோள் பயின்றோர்க்கு இத்தகைய ஐயம் புதிதன்று.

நன்னூல் தரும் அளவுகோல்

நன்னூல் பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நாம் தேர்வுக்கு மனனம் செய்கிறோம். உரைநடையை அளக்கப் பயன்படுத்துவதில்லை. மேற்காட்டிய அறிவிப்பில் நாளைச் சொல்லாமை குன்றக் கூறல். பூர்வீகப் பாத்தியம், சுவாதீன அனுபவம் என அடுக்குதல் மிகைபடக் கூறல். 'மேற்படியார்' யாரெனத் தெரியாமை மயங்க வைத்தல். செய்ய வேண்டியதையும் கெடுவையும் தொடரின் ஈற்றில் தேயவிட்டமை சென்று தேய்ந்து இறுதல்.

குற்றப் பட்டியலில் குன்றக் கூறல் மிகைபடக் கூறலுக்கு முன்னே நிற்பதும், அழகுப் பட்டியலில் சுருங்கச் சொல்லலை அடுத்தே விளங்க வைத்தல் வருவதும் கருதத்தக்கன. சுருக்கம் தனித்து நின்றால் அழகாகாது. விளக்கத்தோடு இணைந்தே அழகாகும். எளிய சட்டமொழி என்றால் எதையும் குறைத்து எழுதுவது என அஞ்சும் வழக்கறிஞர்க்கு இவ்வைப்புமுறையே மறுமொழி.

இதற்குரிய முன்மாதிரிகளும் நம்மிடம் உள்ளன. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் படிக்கப்படும் ஆளோலை ஒரே விருத்தத்தில் அடங்குகிறது. எழுதுபவர் யார், ஊர் எது, யாருக்கு எழுதுகிறார், எப்பொறுப்பை ஏற்கிறார், அது எத்தலைமுறை வரை செல்லும், எழுத்து யாருடையது என அனைத்தும் அதில் உள. தருமபுரி மாவட்ட நடுகற்களை நோக்குவோர், அரசன் ஆட்சியாண்டு, ஊர், பூசல், வீரன் பெயர் ஆகியவை சில வரிகளில் அமைந்திருப்பதைக் காண்பர். ஆநிரை கவர்ந்தபோது பட்டானா, மீட்டபோது பட்டானா என்பதில் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. சோழர்காலக் கல்வெட்டு ஆவணங்கள் நீளமானவை. எனினும் நான்கெல்லை, விலை, விற்றோர், கொண்டோர் எனப் பகுதிகள் தம் முறையில் நிற்கின்றன. நீளம் வேறு, மயக்கம் வேறு.

அண்மைக் கால முன்னோடியாகக் கொள்ளத்தக்கவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாகப் பணியாற்றிய அவர், 1805 முதல் 1861 வரையிலான ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக வெளியிட்டார். தமிழர் வழக்கைத் தமிழர் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாதிடுவதைப் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் எள்ளவும் செய்தார். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று அவரைப் பாடத்திட்டத்தில் வைத்த நாம், சட்ட உரைநடையாளராக அவரைப் படிக்கவில்லை.

மறுப்புகளும் விடைகளும்

பழைய வாய்பாடுகளுக்கு நீதிமன்றங்கள் பொருள் நிறுவியுள்ளன. மாற்றினால் புதிய வழக்குகள் தோன்றும் என்பது வழக்கறிஞர் கூறும் முதன்மையான மறுப்பு. துறைச்சொற்களைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. அவற்றை மாற்ற இக்கட்டுரை கோரவில்லை. தொடரைப் பிரிப்பதாலும், எழுவாயை எழுதுவதாலும், பத்திக்கு எண்ணிடுவதாலும் நிறுவிய பொருள் எதுவும் குலையாது.

விளங்காத நடையே கட்சிக்காரரிடம் மதிப்பைப் பெற்றுத்தருகிறது என்பது வெளிப்படையாகக் கூறப்படாத இன்னொரு காரணம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒருபக்க அறிவிப்புக்குக் கட்டணம் தர உழவர் தயங்கக்கூடும். ஆனால் வழக்கறிஞரின் உழைப்பு எதை விடுவது என்று தீர்மானிப்பதில்தான் உள்ளது. அதனைக் கட்சிக்காரர்க்கு உணர்த்துதலும் தொழிலின் பகுதியே.

இயந்திர மொழிபெயர்ப்பு இச்சிக்கலைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிட்டு வருவது வரவேற்கத்தக்கது. எனினும் பத்து வரி ஆங்கிலத் தொடர் அப்படியே பத்து வரித் தமிழ்த்தொடராக வந்தால், வினைமுற்று கடைசியில் வரும் நம் மொழியில் அதன் சுமை இன்னும் கூடும். மொழிபெயர்க்கும் முன் தொடரைப் பிரித்தாக வேண்டும். எங்கே பிரிப்பது என்பது இலக்கண அறிவு.

முடிவுரை: தமிழ்த்துறைகளின் பங்கு

இப்பணியில் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, வட்ட அளவில் எழுதப்படும் பத்திரம், அறிவிப்பு, புகார், வழக்குரை, தீர்ப்பு ஆகியவற்றைப் பெயர் முதலிய அடையாளங்களை நீக்கித் திரட்டி, தொடரியல் நோக்கில் ஆராய்தல். இரண்டாவது, அவற்றைப் பொதுமக்களிடம் படிக்கக் கொடுத்து, 'யார் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்ய வேண்டும், எந்நாளுக்குள்' என்ற மூன்று வினாக்களுக்கும் விடை சொல்ல முடிகிறதா எனச் சோதித்தல். மூன்றாவது, சட்டக் கல்லூரிகளோடு இணைந்து சட்ட உரைநடைப் பயிற்சித் தாள் ஒன்றை உருவாக்குதல். தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி உள்ளது. தொலைவு ஒரு தடையன்று.

இதனைக் கூறும் தகுதி நமக்கு இருக்க வேண்டுமாயின் நம் எழுத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். 'ஆராயப்பட்டுள்ளது', 'கருதப்படுகிறது', 'மேற்கண்டவற்றால் அறியப்படுகிறது' என்று நம் ஆய்வேடுகளும் வினைமுதலை மறைத்தே எழுதப்படுகின்றன. யார் கருதுகிறார், எதனால் அறிந்தோம் என்று கேட்டால் பல இடங்களில் நம்மிடமும் விடையில்லை. என் ஆய்வியல் நிறைஞர் ஏட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, முதல் இயலின் முதல் பக்கத்திலேயே இத்தகைய தொடர்கள் ஏழு இருந்தன. நம் ஏட்டின் தெளிவின்மையால் எவரும் நிலம் இழப்பதில்லை. வழக்கறிஞர் அறிவிப்பின் தெளிவின்மையால் இழக்கக்கூடும். வேறுபாடு அவ்வளவே, குற்றம் ஒன்றே.

என் தந்தையார் எஞ்சிய ஆறு நாளுக்குள் மறுமொழி அனுப்பினார். அதனை எழுதிய வழக்கறிஞரிடம் அவர் வைத்த வேண்டுகோள் ஒன்றுதான்: "நான் படிச்சா எனக்கு வெளங்கணும்." சட்டத்தமிழ் ஆய்வுக்கு இதனினும் தெளிவான நோக்கவுரையை நான் இன்னும் கண்டிலேன்.